பாய் இழுக்கிறது, பலகை பிடிக்கிறது

2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் பாய்மரப் படகுப் பந்தயங்கள் பாரிஸில் நடக்கவில்லை. அதற்குக் கடல் வேண்டுமே. மத்தியதரைக் கடலோரத்து மர்சேயில் நடத்தினார்கள். இந்தியாவிலிருந்து போனவர்கள் இரண்டே பேர், இருவரும் நம்மவர்கள். வேலூரில் பிறந்து ராணுவத்தில் பணியாற்றும் விஷ்ணு சரவணன் ஆண்கள் பிரிவில் 18ஆம் இடம் பெற்றார். சென்னையின் நேத்ரா குமணன் பெண்கள் பிரிவில் 21ஆம் இடம். அதற்கு முந்தைய டோக்கியோ ஒலிம்பிக்கில் இவர்களோடு கணபதி, வருண் தக்கர் என்ற சென்னை இணையும் சேர்ந்து நான்கு பேர் போனார்கள். இந்திய அணி என்று எழுதினாலும் தமிழ்நாட்டு அணி என்று படித்துக்கொள்ளலாம் என்கிற நிலை இந்த ஒரு விளையாட்டில்தான்.

விஷ்ணு ஓட்டிய இல்கா 7 வகைப் படகைப் பழைய ஆட்கள் லேசர் என்பார்கள். நீளம் 4.2 மீட்டர், எடை 60 கிலோவுக்குச் சற்றுக் குறைவு, 7 சதுர மீட்டரில் ஒரே ஒரு பாய், ஒரே ஒரு ஆள். எஞ்சின் கிடையாது, துடுப்பு கிடையாது. இத்தனை எளிய படகின் பந்தயப் பாதையில்தான் ஒரு வம்பு ஒளிந்திருக்கிறது. முதல் மிதவையை எங்கே போடுவார்கள் என்றால், காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ சரியாக அந்தப் பக்கம். அதாவது பந்தயமே காற்றின் முகத்தைப் பார்த்துத்தான் தொடங்கும். காற்று தள்ளுவதால் படகு ஓடுகிறது என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைத்திருக்கிறோம். தள்ளுகிற காற்றை நோக்கியே ஒரு படகு எப்படி முன்னேறும்?

விடையை நெய்வேலியில் தேடலாம். அங்கே கடல் இல்லை. கடலூர்த் துறைமுகத்துக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பிற்பகலில் கடற்காற்று டவுன்ஷிப்பின் மரங்களை வந்து அசைக்கும், அவ்வளவுதான் கடலுடன் உள்ள உறவு. ஆனாலும் இந்தப் படகைப் புரிந்துகொள்ள மற்ற ஊர்க்காரர்களைவிட நெய்வேலிக்காரர்களுக்கு வசதி அதிகம் என்பேன். காரணம், அங்கே ‘தெர்மல்’ என்று அழைக்கப்படும் அனல் மின் நிலையம். பழுப்பு நிலக்கரியை எரித்து, நீராவி எழுப்பி, அதை டர்பைன் தகடுகளின்மேல் பாயவிடுகிற அந்த வேலையும் பாய்மரப் படகின் வேலையும் அடிப்படையில் ஒன்று. அங்கே பாய்வது நீராவி, இங்கே காற்று. அங்கே தகடு எஃகு, இங்கே துணி.

முதலில் பாயைப் பார்ப்போம். காற்று நேர் பின்னாலிருந்து அடிக்கும்போது பாய் காற்றுக்குக் குறுக்கே விரித்த ஒரு தடை. தள்ளப்படுகிறது, படகு போகிறது. இது பழைய, எளிய ஓட்டம். இந்த ஓட்டத்தில் படகு ஒருநாளும் காற்றைவிட வேகமாகப் போகாது, ஏனென்றால் காற்றின் வேகத்தை எட்டிய கணமே பாயில் அடிக்கக் காற்றே இருக்காது. காற்று முன்பக்கத்தில் சாய்வாக வரும்போது கதை வேறு. அப்போது பாய் கிட்டத்தட்டக் காற்றின் போக்கிலேயே, சிறு கோணத்தில் நிற்கிறது. அதன் வளைந்த பரப்பைத் தழுவி ஓடும் காற்று திசை திரும்பிப் பின்னோக்கிப் போகிறது. டன் கணக்கில் காற்றைத் திருப்பிவிட்டால் அந்தக் காற்று சும்மா போகுமா? நியூட்டனின் மூன்றாம் விதிப்படி எதிர்த்திசையில் பாயை இழுத்துவிட்டுத்தான் போகும். அழுத்தமானியை வைத்துப் பார்த்தால் பாயின் குழிந்த பக்கத்தில் அழுத்தம் சற்றுக் கூடியும், புடைத்த பக்கத்தில் நன்றாகக் குறைந்தும் இருக்கும். ஆகவே பாய் தள்ளப்படுவதைவிட உறிஞ்சப்படுகிறது என்று சொல்வதே பொருத்தம். விமானத்தின் இறக்கையை மேலே தூக்குவதும் இதே விசைதான். இங்கே இறக்கை செங்குத்தாக நிற்கிறது.

புடைத்த பக்கத்தில் காற்றுக்குத் தூரம் அதிகம், மறுபக்கக் காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அது வேகமாக ஓடுகிறது என்று பல பள்ளிப் புத்தகங்களில் ஒரு விளக்கம் உலவுகிறது. அது தவறு. இரண்டு பக்கக் காற்றும் ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அளந்து பார்த்தால் புடைத்த பக்கத்துக் காற்று முந்திக்கொண்டு போயே விடுகிறது. பாய் வெறும் துணி, அதன் இரண்டு பக்கமும் ஒரே நீளம் என்பதை யோசித்தாலே இந்த விளக்கம் விழுந்துவிடும்.

இப்போது கணக்கு. விநாடிக்கு 5 மீட்டர், அதாவது மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் கடற்காற்று வீசுகிறது என்று கொள்வோம். துணி காயப்போட ஏற்ற இதமான காற்று. படகு காற்றின் திசைக்கு 45 டிகிரி கோணத்தில், விநாடிக்கு 2.3 மீட்டர் வேகத்தில் போகிறது. பாய்க்குத் தெரியும் காற்று கரையில் நிற்பவருக்குத் தெரியும் காற்றல்ல; படகின் ஓட்டத்தால் எழும் எதிர்க்காற்றும் அதனுடன் சேர்ந்துகொள்கிறது. இரண்டையும் திசையோடு கூட்டினால் விநாடிக்கு 6.8 மீட்டர் வருகிறது. அதுவும் 45 டிகிரியில் அல்ல, 31 டிகிரியில், இன்னும் முன்பக்கமாக நகர்ந்து வருகிறது. இதைச் சார்புக் காற்று எனலாம். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 5 என்பது 6.8 ஆனபோது விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. படகு ஓடுவதாலேயே அதற்குக் கூடுதல் காற்று கிடைக்கிறது. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, ஆற்றல் அத்தனையும் காற்றிலிருந்தே வருகிறது. ஆனால் கோணம் முன்பக்கம் நகர்ந்துகொண்டே வருவதுதான் இதற்குக் கொடுக்க வேண்டிய விலை.

அந்தக் காற்றில் 7 சதுர மீட்டர் பாயின்மேல் விழும் மொத்த விசை சுமார் 230 நியூட்டன். 23 கிலோ மூட்டையைத் தூக்கத் தேவையான விசை. அதன் திசைதான் தொல்லை. விசை பாய்க்கு ஏறக்குறையச் செங்குத்தாக இருப்பதால், பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. முன்னோக்கி இழுப்பது மூன்றில் ஒரு பங்குதான்: ஏழெட்டு கிலோ மூட்டைக்குச் சமம். ஒலிம்பிக் படகை இழுத்துச் செல்வது ஒரு கையில் தூக்கிவிடக்கூடிய அந்த விசைதான். பக்கவாட்டில் தள்ளுவதோ அதைப்போல மூன்று மடங்கு.

அப்படியானால் படகு பக்கவாட்டில்தானே போக வேண்டும்? போகும், நடுப்பலகையைத் தூக்கிவிட்டால். படகின் நடுவே ஒரு பிளவு. அதன் வழியாகத் தண்ணீருக்குள் கத்திபோல இறங்கி நிற்கிறது ஒரு பலகை. தண்ணீருக்குள் இருக்கும் பகுதி ஏறக்குறையக் கால் சதுர மீட்டர், பாயில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான். இத்தனை சிறிய பலகை அத்தனை பெரிய பாயை எதிர்த்து நிற்பது எப்படி என்றால், கடல்நீர் காற்றைவிட சுமார் 850 மடங்கு அடர்த்தியானது. படகு நேர் போக்கிலிருந்து நான்கைந்து டிகிரி மட்டும் பக்கவாட்டில் நழுவுகிறது. அந்தச் சிறு நழுவலே பலகைக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு கோணத்தை உண்டாக்க, பலகை நீருக்குள் ஒரு இறக்கையாக மாறிப் பாயின் பக்கவாட்டுத் தள்ளலை முழுதாக எதிர்த்து நிற்கிறது. பாய் காற்றைத் திருப்புகிறது, பலகை தண்ணீரைத் திருப்புகிறது. இரண்டு தள்ளல்களும் ஒன்றையொன்று தின்றுவிட, மிச்சமிருப்பது அந்த ஏழெட்டு கிலோ முன்னோக்கு விசை மட்டும்.

பண்ருட்டிப் பலாப்பழத்தின் வழுக்கும் கொட்டையை இரண்டு விரலுக்கு நடுவே அழுத்திப் பாருங்கள். எந்த விரலும் தள்ளாத திசையில் அது பிய்த்துக்கொண்டு பறக்கும். காற்று ஒரு விரல், தண்ணீர் ஒரு விரல்.

தெர்மலில் இதே ஏற்பாட்டைத் தலைகீழாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நீராவி டர்பைனின் அச்சு நெடுகப் பாய்கிறது. தகடுகள் அதைத் திருப்பிவிடுகின்றன. தகட்டின்மேல் விழும் விசையில் ஒரு பகுதி ரோட்டரைச் சுழற்றுகிறது, இன்னொரு பகுதி ரோட்டரையே நீராவி போகும் திசையில் தள்ளப் பார்க்கிறது. அந்த இரண்டாவது பகுதியைத் தாங்கத்தான் திரஸ்ட் பேரிங். ரோட்டர் சுழலலாம், நகரக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு. அந்தப் பேரிங்கைக் கழற்றிவிட்டு நீராவியைத் திறந்தால் என்ன ஆகும் என்று அங்கே வேலை பார்த்த எவரையும் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். படகுக்குக் கடல்தான் பேரிங். முன்னும் பின்னும் வழுக்கிக்கொண்டு போகலாம், பக்கவாட்டில் முடியாது. காற்றை எதிர்த்துப் போகும் திறமையைப் பாய்க்கு மட்டும் பெருமையாகச் சொல்வது அநியாயம். பாதிக்கு மேல் அந்தப் பலகைக்குச் சேர வேண்டியது. ஆற்றில் மிதந்து போகும் ஓடத்தில் எவ்வளவு நல்ல பாயைக் கட்டினாலும், அடியில் பிடிமானம் இல்லையென்றால் காற்று போகிற பக்கம்தான் போக முடியும்.

நேர் எதிராகவும் போக முடியாது. காற்றின் திசைக்கு இருபுறமும் சுமார் 45 டிகிரிக்குள் பாய் படபடக்கும், இழுக்காது. ஆகவே ஒருமுறை வலப்பக்கம் சாய்ந்தும் மறுமுறை இடப்பக்கம் சாய்ந்தும் ஓடி, குறுக்கும் நெடுக்குமாக மிதவையை அடைய வேண்டும். ஒரு கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க 1.4 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கிறது. எந்த இடத்தில் திரும்புவது, காற்று எந்தப் பக்கம் இரண்டு டிகிரி சாய்கிறது என்பதில்தான் பந்தயமே இருக்கிறது. இயற்பியல் எல்லாப் படகுக்கும் ஒன்று, படகுகளும் அச்சில் வார்த்ததுபோல ஒன்றே.

சார்புக் காற்றிலிருந்து இன்னொரு நுட்பம் பிறக்கிறது. கடல்மட்டத்தை ஒட்டிக் காற்று உராய்வால் மெதுவாகவும், மேலே போகப் போக வேகமாகவும் வீசும். படகின் வேகமோ பாயின் அடிக்கும் நுனிக்கும் ஒன்றே. ஆகவே அடியில் சார்புக் காற்று அதிகம் முன்பக்கத்திலிருந்தும், நுனியில் சற்றுப் பக்கவாட்டிலிருந்தும் வருகிறது. பாய் ஒரே தட்டையாக நின்றால் ஏதாவது ஓர் உயரத்தில் மட்டுமே கோணம் சரியாக இருக்கும். அதனால் பாயை மேலே போகப் போகச் சற்று முறுக்கி விடுகிறார்கள். தெர்மலில் ஓவர்ஹாலின்போது திறந்து வைத்த டர்பைனைப் பார்த்தவர்களுக்குக் கடைசி வரிசைத் தகடுகள் நினைவிருக்கும். பெரிய டர்பைன்களில் அவை கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். அடியிலிருந்து நுனிவரை திருகிவிட்டதுபோல முறுக்கியிருக்கும். அழகுக்காக அல்ல. நிமிடத்துக்கு 3000 சுற்றில் அடியைவிட நுனி மிக வேகமாக ஓடுவதால், நீராவி வந்து மோதும் சார்புக் கோணம் ஒவ்வொரு உயரத்திலும் வேறு. பாயில் காற்றின் வேகம் மாறுகிறது, டர்பைனில் தகட்டின் வேகம் மாறுகிறது. மருந்து ஒன்றே.

நெய்வேலி நிறுவனத்துக்குத் தென்காசிப் பக்கம் கழுநீர்குளத்தில் காற்றாலைகளும் இருக்கின்றன. காற்றாலையின் இறகும் முறுக்கித்தான் இருக்கும். 40 மீட்டர் நீள இறகு நிமிடத்துக்கு 18 முறை சுற்றினால் அதன் நுனி விநாடிக்கு 75 மீட்டர் போகிறது, அடிக்கும் காற்று 10 மீட்டராக இருந்தாலும்கூட. ‘காற்றைவிட வேகமாகப் போகும் பாய்மரப் படகு’ என்று கேட்டால் நம்ப மறுப்பவர்கள் காற்றாலையின் நுனியைப் பார்த்து ஆச்சரியப்படுவதில்லை. காற்றுக்குக் குறுக்கே ஓடும் பாய்தான் அதுவும்.

இதுவரை பேசியது படகை மேலிருந்து பார்த்து. முன்னாலிருந்து பார்த்தால் இன்னொரு போர் நடந்துகொண்டிருக்கிறது. பாயின் பக்கவாட்டு விசை தண்ணீருக்கு மேலே இரண்டரை மீட்டர் உயரத்தில் செயல்படுகிறது. பலகையின் எதிர்விசை தண்ணீருக்கு அடியில். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய மூன்று மீட்டர் இடைவெளி. சமமான இரண்டு விசைகள் எதிரெதிரே வெவ்வேறு உயரத்தில் இழுத்தால் படகு கவிழத்தானே செய்யும்?

இப்படிக் கவிழ்க்கப் பார்க்கும் திருப்புத்திறனை நெய்வேலி ஒரு விடியற்காலையில் கண்கூடாகப் பார்த்திருக்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. மணிக்கு 140 கிலோமீட்டர்வரை காற்று. நம் படகை ஓட்டிய 18 கிலோமீட்டர் காற்றோடு ஒப்பிட்டால் வேகம் எட்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு, விசையோ 60 மடங்கு. ஒவ்வொரு சதுர மீட்டர்மேலும் 90 கிலோவுக்கு மேலான எடை படுக்கைவாட்டில் விழுந்ததுபோல. மரத்தின் தலை ஒரு பாய். காற்று அதை உயரத்தில் தள்ள, வேர்கள் கீழே பிடிக்க, டவுன்ஷிப்பின் நிழல் சாலைகளில் எந்த மரத்தின் வேர்ப்பிடி தோற்றதோ அது சாய்ந்தது. பண்ருட்டியின் பலாவும் முந்திரியும் அப்படித்தான் போயின. இலை உதிர்த்தோ கிளை முறிந்தோ பாரத்தைக் குறைத்துக்கொண்ட மரங்கள் சில தப்பின. படகோட்டியும் அதையேதான் செய்கிறார்: காற்று மிஞ்சினால் கயிற்றைத் தளர்த்திப் பாயைச் சற்று விட்டுக்கொடுக்கிறார்.

ஆனால் விட்டுக்கொடுத்தால் வேகம் போய்விடும். எனவே முதலில் எதிர்த்து நிற்கப் பார்க்க வேண்டும். அதற்குப் படகுக்கு இருக்கும் முதல் துணை தண்ணீரின் மேல்நோக்கிய அழுத்தம். நெய்வேலிக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்கு அடியில் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும் நிலத்தடி நீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால், அது சுரங்கத்தின் தரையையே மேலே தூக்கி உடைத்துவிடும். படகைத் தூக்குவது அதே மேல்நோக்கிய அழுத்தம்தான், பல மடங்கு மென்மையாக. படகு ஒரு பக்கம் சாயும்போது அந்தப் பக்கம் அதிகமாக நீரில் அமிழ்கிறது. மிதப்புவிசையின் மையமும் அந்தப் பக்கமாக நகர்ந்து படகை நிமிர்த்தப் பார்க்கிறது. ஆனால் 1.4 மீட்டர்கூட அகலமில்லாத, 60 கிலோ படகில் இந்த உதவி அதிக தூரம் வராது. பெரிய படகுகளில் அடியில் ஈயமோ இரும்போ கட்டித் தொங்கவிடுவார்கள். இல்காவில் தொங்கும் எடை படகோட்டிதான்.

80 கிலோ உடல். கால்களைப் படகின் நடுவில் ஓடும் பட்டைக்குள் செருகிக்கொண்டு, தொடை விளிம்பில் பதிய, உடம்பு முழுவதும் கடலுக்கு மேலே வெளியே நீண்டு கிடக்கும். எடையின் மையத்தை நடுக்கோட்டிலிருந்து 1.15 மீட்டர் வெளியே கொண்டுபோனால் நிமிர்த்தும் திருப்புத்திறன் சுமார் 900 நியூட்டன் மீட்டர். மூன்று மீட்டர் இடைவெளியால் வகுத்தால், 300 நியூட்டன் பக்கவாட்டு விசைவரை சமாளிக்கலாம். மணிக்கு 22 கிலோமீட்டர் காற்று வந்தாலே அந்த எல்லை எட்டிவிடுகிறது. 18 கிலோமீட்டரில் சுகமாகப் போன படகு, நான்கு கிலோமீட்டர் கூடியதும் ஆளின் முழு உடம்பையும் கேட்கிறது. அதற்கு மேல் பாயை இழுத்துத் தட்டையாக்கி, வளைவைக் குறைத்து, தப்பிக்க வேண்டியதுதான். கரையிலிருந்து பார்த்தால் சாய்ந்து ஓய்வெடுப்பதுபோல் தெரியும் அந்த நிலையில் முக்கால் மணி நேரம், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பந்தயம். இந்த விளையாட்டுக்கு ஏன் அத்தனை தொடைவலிமையும் வயிற்றுத் தசையும் தேவை என்பது அந்த 900-இல் இருக்கிறது.

இந்த உத்தி ஐரோப்பியப் பந்தயச் சங்கங்கள் கண்டுபிடித்ததல்ல. கோடியக்கரையிலிருந்து தொண்டிப் பக்கம் வரையுள்ள பாக் விரிகுடாவின் வத்தைப் படகில் காற்று வரும் பக்கமாகக் குறுக்கே ஒரு நீண்ட பலகை வெளியே நீட்டியிருக்கும். காற்று கூடக் கூட ஆட்கள் அதன்மேல் ஏறி வெளியே நகர்ந்து உட்காருவார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் நூறாண்டுக்கு முன்பே இதைப் பற்றி எழுதினார். 1990-களில் படகு ஆய்வாளர் ஷான் மெக்ரெயில் குழுவினர் வந்து இந்தப் படகுகளை அங்குலம் அங்குலமாக அளந்து வரைந்தார்கள். ஆழமில்லாத கடல் என்பதால் வத்தையின் அடி தட்டை. நிலையான அடிக்கத்தி வைத்தால் தரை தட்டும். அதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் ஒரு பலகையை நீருக்குள் இறக்கிப் பிடிமானம் தேடிக்கொண்டார்கள். இல்காவில் இருக்கும் இரண்டு உறுப்புகளும், நீருக்குள் இறங்கும் பலகையும் வெளியே தொங்கும் ஆளும், இந்த மீன்பிடிப் படகில் அப்படியே இருக்கின்றன. இலங்கையின் ஒருபக்க மிதவைப் படகுகளைப் பற்றி எழுதிய 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள், அங்கே காற்றின் வலிமையை ‘ஒரு ஆள் காற்று’, ‘இரண்டு ஆள் காற்று’ என்று சொல்வதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். படகை நிமிர்த்த எத்தனை பேர் வெளியே போக வேண்டுமோ அதுவே காற்றின் அளவு. காற்றின் வேகத்தைச் சொல்லும் ‘நாட்’ (knot) கணக்கைவிட இது நேர்மையான அலகு என்பது என் கருத்து. காற்றின் வேகத்தை அல்ல, அது உண்டாக்கும் திருப்புத்திறனையே நேராக அளக்கிறது.

தொண்டி, நம்புதாளை, மோர்பண்ணை என்று ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் கோயில் விழாக்களையும் பொங்கலையும் ஒட்டி இன்றும் பாய்மரப் படகுப் போட்டி நடக்கிறது. உடல் எடையை வெளியே நீட்டிப் படகை நிமிர்த்தும் அதே வேலையைக் கம்பியில் தொங்கிச் செய்வது 49இஆர் என்ற இருவர் படகு. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் கணபதியும் வருணும் வெண்கலம் வென்றது அதில்தான். படகின் இருபுறமும் சிறகுபோல நீண்ட விளிம்பில் பாதங்களை ஊன்றி, பாய்மரத்தின் மேற்பகுதியிலிருந்து வரும் கம்பியில் இடுப்பை மாட்டிக்கொண்டு, உடம்பைக் கடலுக்கு மேலே படுக்கைவாட்டில் நீட்டி நிற்பார்கள். எடையின் தூரம் இல்காவைப்போல இரண்டு மடங்கு என்பதால் மூன்று மடங்கு பெரிய பாயைத் தூக்கிக்கொண்டு ஓட முடிகிறது.

சாய்வைத் தடுப்பதற்குக் கவிழும் பயம் மட்டும் காரணமல்ல. படகு நிமிர்ந்திருக்கும்போது பாயின் முன்னோக்கு இழுப்பும் தண்ணீரின் பின்னோக்கு இழுப்பும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கும். சாய்ந்ததும் பாய் ஒருபக்கம் வெளியே போய்விட, இழுப்பு ஒரு கோட்டிலும் தடை இன்னொரு கோட்டிலும் ஆகி, படகின் மூக்கு தானாகக் காற்றை நோக்கித் திரும்பும். அதை நேராக்கச் சுக்கானைத் திருப்ப வேண்டும். திருப்பிய சுக்கான் தண்ணீரில் தடையாக நிற்கும். இருப்பதே ஏழெட்டு கிலோ இழுப்பு. அதில் ஒரு கிலோவைச் சுக்கான் தின்றால் பந்தயம் போயிற்று.

அந்த இழுப்பு எதை எதிர்த்து? தண்ணீரின் உராய்வை எதிர்த்து ஒரு பங்கு. இன்னொன்று வேடிக்கையானது. படகு ஓடும்போது முன்னால் ஒரு அலையை எழுப்புகிறது. அலையின் வேகத்துக்கும் நீளத்துக்கும் இயற்கையில் ஒரு கட்டு உண்டு: நீண்ட அலை வேகமாக ஓடும். படகு வேகமெடுக்க எடுக்க அது எழுப்பும் அலையும் நீள்கிறது. இல்கா தண்ணீரைத் தொடும் நீளம் 3.8 மீட்டர், அந்த நீளமுள்ள அலையின் வேகம் விநாடிக்கு 2.4 மீட்டர், மணிக்கு 9 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்த வேகத்தில் முன்முனை ஒரு அலைமுகட்டிலும் பின்முனை அடுத்த முகட்டிலும் இருக்க, படகு தானே வெட்டிய பள்ளத்தில் சிக்கிக்கொள்கிறது. இன்னும் வேகம் வேண்டுமானால் தன் முன்னலைமேல் ஏற வேண்டும். 1870-களில் இங்கிலாந்தின் வில்லியம் புரூட் நீளமான தொட்டியில் சிறு மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து இந்த அலைத்தடையை அளந்தார். கப்பல் வடிவமைப்பவர்கள் இன்றும் அதே வழியில்தான் போகிறார்கள். சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறையிலும் அத்தகைய தொட்டி உண்டு. கனமான கப்பலால் அந்த மேட்டை ஏற முடியாது. இல்கா போன்ற இலேசான, அடி தட்டையான படகு பின்காற்றில் நல்ல வேகம் கிடைத்தால் ஏறிவிடும். அப்போது அதைத் தாங்குவது மிதப்புவிசை மட்டுமல்ல, அடியில் மோதித் திரும்பும் தண்ணீரின் உந்தலும்தான்; தட்டைக் கல் நீரில் எகிறுவது இதனால்தான். நன்றாக அடிக்கும் காற்றில் மிதவையைச் சுற்றித் திரும்பிய படகுகள் திடீரெனப் பாய்ந்து ஓடுவதைக் காணலாம்.

அடுத்த படி, படகின் உடலையே தண்ணீரிலிருந்து எடுத்துவிடுவது. நீருக்குள் படுக்கைவாட்டில் இறக்கை வைத்தால், வேகம் வந்ததும் அது படகு முழுவதையும் மேலே தூக்கிவிடும், அலைத்தடை ஒழிந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கிலேயே அத்தகைய படகுகளும் பலகைகளும் ஓடின. அமெரிக்கக் கோப்பைப் பந்தயத்தின் 75 அடிப் படகுகள் இப்படிப் பறந்து 50 நாட் வேகத்தைத் தாண்டின, மணிக்கு 93 கிலோமீட்டருக்கு மேல்.

அங்கே ஒரு சுவர் இருக்கிறது. அதை எழுப்புவது காற்றல்ல, தண்ணீர். 50 நாட் வேகத்தில் நீருக்குள்ளிருக்கும் இறக்கையின் புடைத்த பக்கத்தில் அழுத்தம் மிகவும் குறைந்துவிடுவதால், கடல்நீர் அந்த இடத்தில் கொதித்து ஆவியாகிறது. சூடு ஏறி அல்ல, அழுத்தம் இறங்கி. தெர்மலின் கண்டென்சரில் 100 டிகிரிக்கு மிகக் கீழே, 45 டிகிரி வாக்கில், நீராவியும் நீரும் கைமாறுகின்றன. உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தில் பத்தில் ஒரு பங்குதான் என்பதால் அது முடிகிறது. 30 டிகிரிக் கடல்நீர் கொதிக்க, அழுத்தம் இருபதில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கினால் போதும். குமிழிகள் எழுந்ததும் இறக்கையின் பிடி போய்விடும். குமிழிகள் உடையும்போது உலோகத்தையும் அரித்துத் தின்னும். பம்பு பார்க்கிறவர்களுக்கு இது பழைய எதிரி.

2012 நவம்பர் 24 அன்று நமீபியாவின் வால்விஸ் விரிகுடாவில் பால் லார்சன் என்ற ஆஸ்திரேலியர் இந்தச் சுவரை உடைத்தார். ‘வெஸ்டாஸ் செயில்ராக்கெட் 2’ என்ற படகில் 500 மீட்டர் தூரத்துக்குச் சராசரி 65.45 நாட், மணிக்கு 121 கிலோமீட்டர். அன்று அடித்த காற்று 30 நாட்டுக்கும் குறைவு. குமிழியைத் தடுக்கப் போராடாமல் குமிழியோடு ஓடும்படி, பின்பக்கம் மழுங்க வெட்டிய ஆப்புபோல நீரிறக்கையைச் செய்திருந்தார்கள். சாய்க்கும் திருப்புத்திறனையும் வேரோடு பிடுங்கிவிட்டார்கள். பாயைச் சாய்த்து நட்டு, நீரிறக்கையையும் அதற்கு எதிரே சாய்த்து இறக்கி, காற்றின் விசையும் தண்ணீரின் விசையும் ஒரே நேர்கோட்டில் எதிரெதிராக நிற்கும்படி அமைத்தார்கள். இரண்டுக்கும் நடுவே அந்த மூன்று மீட்டர் இடைவெளியே இல்லை. அமெரிக்க ராக்கெட் பொறியாளர் பெர்னார்ட் ஸ்மித் 1960-களிலேயே புத்தகமாக எழுதிவைத்த யோசனை இது. லார்சன் வெளியே தொங்கவில்லை, விமானியைப்போலக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டார். ஒரே குறை, அந்தப் படகு ஒரு பக்கக் காற்றில்தான் ஓடும். ஒவ்வொரு ஓட்டமும் முடிந்தபின் மோட்டார் படகில் கட்டி, புறப்பட்ட இடத்துக்கு இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.